டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு அவசரப்படாதீங்க, முதல்ல புரோலாக்டின் பாருங்க

தம்பி, 26 வயசுல ஒற்றைத் தலைவலி, பாலுறவு ஆசையும் இல்லை, மன்னார்குடியில சாயங்காலம் கொடுத்த ரத்தத்துல ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவுன்னு எழுதியிருக்கீங்க. சாயங்காலம் அது தானாவே இறங்கும்; அந்த ரிப்போர்ட்டை வச்சு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்காதீங்க, விந்தணு குறைஞ்சிடும். நல்லாத் தூங்கி எழுந்து, வெறும் வயித்துல, காலை 10 மணிக்குள்ள கொடுங்க. குறைவா வந்தா இன்னொரு நாளும் பார்க்கணும். கூடவே எல்.எச். (விதையைத் தூண்டுற ஹார்மோன்), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டுறது), முக்கியமா புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்; ஆம்பளைக்கும் உண்டு, ஏறினா டெஸ்டோஸ்டிரோனும் ஆசையும் குறையும்). அது ரொம்ப ஏறியிருந்தா மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பியில கட்டி இருக்கான்னு பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வாங்க.

தலைவலியோட வர்ற குமட்டலுக்கு டோம்பெரிடோன் போடுறீங்களா? அதுவே புரோலாக்டினை ஏத்திவிடும். தலைவலி வராம இருக்கத் தர்ற புரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின் ரெண்டுமே ஆசையைக் குறைக்கலாம். நீங்களா நிறுத்தாம, சீட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுத் தஞ்சாவூர்ல ஒரு ஹார்மோன் டாக்டரைப் பாருங்க. பஸ் ஸ்டாண்டு சுவத்து லேகியமெல்லாம் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டுப் பார்வை மங்கினா அன்னைக்கே டாக்டர்கிட்ட கிளம்பிடுங்க.