வாசகர் கேள்வி – பதில்: மழையில்லாத இரவில் வந்த வெள்ளம்

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்பட்டு, ஆற்றோரம் கூடாரமடித்தோம். இரவில் மழையே இல்லாதபோது நீர் பெருகி, அரிசியையும் அடுப்பையும் அடித்துச் சென்றது ஏன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பிள்ளைகள் தப்பியதே பெரிது, அம்மா. கேமரன் மலை அமைந்துள்ள தீத்திவாங்சா மலைத்தொடரின் உச்சியில் பெய்யும் மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே ஆற்றில் வந்து சேரும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெப்பாலா ஆயிர்’ (நீரின் தலை) என்பார்கள். நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்து, இரைச்சல் கூடினால், பொருள்களை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இருளில் இவை கண்ணுக்குப் புலப்படா என்பதால், கூடாரத்தைக் கரையிலிருந்து விலகிய உயரத்திலேயே அடியுங்கள். அடுத்த முறை, நம் முன்னோர் கொழுந்து பறித்த, 1929இல் தொடங்கிய, கேமரன் மலையிலுள்ள ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். மலையிறங்கும்போது பிரேக் சூடேறாதிருக்கத் தாழ்ந்த கியரில் வாருங்கள்.