பிரித்து வந்த தேன்பெட்டி: ஆணிக்கு முன்னால் ஒரு பென்சில் எடுங்கள்

கேள்வி: நாகர்கோவில் பக்கம் வீட்டோடு சேர்ந்து பதினைந்து சென்ட் தோட்டம் இருக்கிறது. தென்னை, முருங்கை, கொஞ்சம் வாழை. இணையத்தில் ஒரு தேன்பெட்டி வாங்கினேன். பலகைகளும் சட்டக் கட்டைகளும் தனித்தனியாக, கூடவே ஒரு பொட்டலம் ஆணி, ஒரு டப்பா வார்னிஷ் என்று வந்து சேர்ந்தது. எப்படிக் கோப்பது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாவற்றையும் இறுக ஆணியடித்து, உள்ளும் புறமும் வார்னிஷ் பூசிவிடலாம் என்கிறார் மைத்துனர். செய்யலாமா? பெட்டியை வைத்துவிட்டால் தேனீ தானாக வருமா?

பதில்: வார்னிஷ் டப்பாவை மூடி வையுங்கள். ஆணிப் பொட்டலத்தையும் இப்போது அவிழ்க்க வேண்டாம். முதலில் ஒரு சட்டத்தின் (தேனீ அடை கட்டும் செவ்வக மரச் சட்டகம்) மேல்கட்டையை எடுத்து அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 48 செ.மீ. இருந்தால் உங்களுக்கு வந்திருப்பது லாங்ஸ்ட்ராத் பெட்டி. அது இத்தாலியத் தேனீக்கானது. நம் ஊர் நாட்டுத் தேனீக்கான, அதாவது அடுக்குத் தேனீக்கான நியூட்டன் பெட்டி இதைவிட நன்றாகவே சின்னது. அதன் அடியறைச் சட்டத்தின் (முட்டையும் புழுவும் வளரும் கீழ் அறை அது; மேலே ஏற்றுவது தேன் அறை) உள்ளளவு ஏறக்குறைய 20.5 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம். 1910-களில் திருச்சிப் பக்கம் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த பெட்டி அது.

வந்தது பெரிய பெட்டி என்றால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். நாட்டுத் தேனீ அதில் வாழவே வாழாது என்றில்லை. ஆனால் அதன் கூட்டம் சிறியது. பெரிய வீட்டில் பாதியைக்கூட நிரப்பாது. ஆள் இல்லாத அடைகளில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிடும். அந்தப் பெட்டியோடு வரும் ராணித் தடுப்பும் (வேலைக்காரத் தேனீயை விட்டு ராணியை நிறுத்தும் சந்துகள் கொண்ட தட்டு) இத்தாலிய ராணியின் உடம்புக்கு வெட்டியது. நம் ராணி அதில் சாவகாசமாக நுழைந்து போய்விடுவாள்.

சரி, வந்தது சின்னப் பெட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வீட்டில் கிடக்கும் ஒரு பென்சிலை எடுங்கள். பிள்ளைகள் எழுதும் சாதாரண அறுகோணப் பென்சில் போதும். அதன் கனம் சுமார் 7 மில்லிமீட்டர். நீங்கள் கோக்கப்போகும் பெட்டிக்கு அதுதான் அளவுகோல்.

1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒரு விஷயத்தைப் பிடித்தார். (தேனீக்கும் பாதிரியார்களுக்கும் என்ன உறவோ தெரியவில்லை.) தேனீ தன் வீட்டுக்குள் நடமாட ஓர் அளவு சந்து விட்டுவைக்கும். சந்து அதைவிட அகலமானால் அங்கே அடை கட்டிவிடும். குறுகலானால் உள்ளே போக முடியாது, அந்த மூலை அதன் காவலுக்கு எட்டாமல் போய்விடும். நம் தேனீக்கு இந்தச் சந்து 7 முதல் 9 மி.மீ. சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில், கீழ்க்கட்டைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில், கீழ்ச் சட்டத்துக்கும் மேல் அறைச் சட்டத்துக்கும் நடுவில் என்று எங்கு பார்த்தாலும் இதே சந்துதான் இருக்க வேண்டும். பென்சில் தடையில்லாமல் நுழைய வேண்டும், சுண்டுவிரல் நுழையக் கூடாது. இந்தச் சந்து சரியாக இருந்தால் சட்டத்தைப் பூப்போலத் தூக்கலாம். தவறினால் அடையும் சுவரும் ஒட்டிப்போய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கத்தி வைத்து அறுக்க வேண்டிவரும்.

அதனால் பசையோ ஆணியோ இல்லாமல் ஒரு முறை எல்லாவற்றையும் சும்மா பொருத்திப் பாருங்கள். நாலு சுவர்ப் பலகைகளையும் நிறுத்தி, ஒரு கயிற்றால் சுற்றிக் கட்டி, இரண்டு சட்டங்களைத் தொங்கவிட்டு, பென்சிலை நுழையுங்கள். சட்டத்தின் இரண்டு காதுகளும் (மேல்கட்டையின் நீண்ட நுனிகள்) உட்காருகிற படிவெட்டு மேல்பக்கம் வருகிறதா என்றும் கவனியுங்கள். பலகையைத் தலைகீழாக வைத்துக் கோத்துவிட்டு, சட்டம் ஏன் உட்காரவில்லை என்று விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

பொருந்துகிறது என்றால் பிரித்து, பொருத்துகளில் நீர் தாங்கும் மரப்பசை தடவி மறுபடி சேருங்கள். ஆணிக்கு முன்னால் மெல்லிய பிட் போட்டு டிரில்லில் துளையிடுவது நல்லது; பலகை நுனி பிளக்காது. எல்லா ஆணியையும் ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள். மூலைக்கு ஒன்று மட்டும், அதுவும் பாதிவரை. அப்புறம் அளவுநாடாவை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி சதுரம் பிடித்திருக்கிறது. ஒன்று நீண்டிருந்தால் அந்த இரண்டு மூலைகளையும் பிடித்து உள்ளே அமுக்குங்கள். பசை ஈரமாக இருக்கும்வரை சொன்னபடி கேட்கும். மூலை மட்டம் இருந்தால் இன்னும் வசதி. சதுரம் ஐந்து மில்லிமீட்டர் ஓடிப்போனால்கூட ஒரு மூலையில் சட்டம் சுவரை உரசும், எதிர் மூலையில் சுண்டுவிரல் போகும். பிறகு மீதி ஆணிகளை அடித்துவிட்டு ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள்.

பொருத்துகளில் வெளிச்சம் தெரிகிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பது அவசியம். இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து விரிசலைப் பூசிக்கொள்ளும். நம் நாட்டுத் தேனீக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நீங்கள் விட்ட விரிசல் விரிசலாகவே இருக்கும். எறும்பும் அந்துப்பூச்சியும் அதை வாசலாக எடுத்துக்கொள்ளும். மரத்தூளையும் பசையையும் குழைத்து, வெளிப்பக்கமாக இருந்தே அடைத்துவிடுங்கள்.

சட்டங்களில் அவசரம் வேண்டாம். மேல்கட்டை, இரண்டு பக்கக் கட்டை, கீழ்க்கட்டை என ஒவ்வொன்றுக்கும் நாலு துண்டுதான். ஆனால் தேன் நிறைந்த சட்டத்தை நீங்கள் பிடித்துத் தூக்குவது மேல்கட்டையின் காதில். மேலிருந்து பக்கக் கட்டைக்குள் இறக்கிய ஆணி மட்டும் இருந்தால், ஒருநாள் காது உங்கள் கையில் இருக்கும், அடை கீழே கிடக்கும். காதுக்குக் கீழே பக்கவாட்டில் இருந்தும் ஒரு சின்ன ஆணி, பக்கக் கட்டையைத் துளைத்து மேல்கட்டைக்குள் போகும்படி அடியுங்கள். மேலிருந்து இறங்கும் ஆணியை இந்தக் குறுக்காணி பிடித்துக்கொள்ளும்.

பக்கக் கட்டையில் துளைகள் இருந்தால் அவை கம்பி கட்டத்தான். 28 கேஜ் வெள்ளீயம் பூசிய கம்பி போதும். இழுத்துக் கட்டியபின் விரலால் சுண்டினால் தம்பூரா மாதிரி ஓர் ஒலி வர வேண்டும். தொளதொள என்று ஆடினால் அடையும் ஆடும். அதன்மேல் மெழுகு அடித்தாளை (அறைக்குழி அச்சு பதித்த மெழுகுத் தாள்) வைத்துச் சூடாக்கிப் பதிக்கலாம். அடித்தாள் வாங்கும்போது நாட்டுத் தேனீக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் இத்தாலியத் தேனீயின் அறைக்குழி பெரியது. அடித்தாள் கிடைக்காவிட்டாலும் குடி மூழ்கிவிடாது. மேல்கட்டையின் அடியில் நடுக்கோட்டில் உருக்கிய தேன்மெழுகை ஒரு கோடாக ஊற்றிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு தானே கட்டும். சட்டங்களை வரிசையாக மாட்டும்போது ஒன்றின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் 31 மி.மீ. இருக்க வேண்டும். அடையின் கனம் 22, நடைச்சந்து 9.

இறுக ஆணியடிக்கச் சொன்ன மைத்துனருக்கு வருவோம். சுவர்ப் பலகைகள் வரை அவர் சொல்வது சரி. அடிப்பலகையை அடியறையோடு சேர்த்து அடித்துவிட்டால் மட்டும் சிக்கல். நாட்டுத் தேனீ தரையைப் பெருக்குவதில் கொஞ்சம் சோம்பேறி. மெழுகுத் தூளும் செத்த தேனீயும் அடியில் சேரும், அந்துப்பூச்சி முட்டையிட அதுதான் தோதான இடம். வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை அறையைத் தூக்கி அடிப்பலகையைத் துடைக்க வேண்டும். என் முதல் பெட்டியில் உறுதிக்காக என்று ஆறு ஆணி அடித்திருந்தேன். நாலாவது மாதம் ஒரு காலையில் பெட்டி காலி. அடியில் வெள்ளைப் புழுக்களும், அடைக்குள் சிலந்திவலை மாதிரிப் பின்னலும்தான் மிச்சம். தேன் அறை, மேல்மூடி எல்லாமே சும்மா அமர்ந்திருக்க வேண்டியவைதான். காற்றுக்குப் பயந்தால் வெளியே ஒரு கயிறு கட்டுங்கள்.

வார்னிஷ் உள்ளே வேண்டவே வேண்டாம். தேனீக்கு மணம்தான் முகவரி. ராணியை அறிவதும் ஆபத்தைச் சொல்வதும் மணத்தால்தான். போதாக்குறைக்கு நாட்டுத் தேனீ கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவதில் பெயர்போனது. உட்பக்கம் வெறும் மரமாகவே இருக்கட்டும். பழைய அடைத்துண்டு கிடைத்தால் சுவரில் தேய்த்துவிடுங்கள். வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெளிர்நிறப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து, மணம் போகும்வரை பத்துப் பதினைந்து நாள் நிழலில் ஆறப்போடலாம். இரண்டு அறைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் விளிம்பில் பெயின்ட் படக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். பலகை ரப்பர் மரம் என்றால் வெளிப்பூச்சைத் தள்ளிப்போடாதீர்கள். பக்குவப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது? தென்னை நிழல் நல்லதுதான், ஆனால் நேர்க்கீழே வேண்டாம். ஒரு நெற்று விழுந்தால் கதை முடிந்தது. வாசல் கிழக்குப் பார்க்க, காலை வெயில் பட்டு உச்சி வெயில் படாத இடமாகத் தேடுங்கள். தாங்குகால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். உங்கள் ஊர்ச் சிவப்பு எறும்புக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. கிண்ணம் வற்றினாலும், ஒரு வாழை இலை பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும். பெட்டி முன்பக்கம் இம்மியளவு சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே தேங்காது. தெருவிளக்குப் பக்கம் வைக்காதீர்கள், ராத்திரி வெளிச்சத்துக்கு ஏமாந்து வெளியே வந்து விழும். பக்கத்து வீட்டார் நடக்கும் பாதையை வாசல் பார்க்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டி மூச்சுத்திணறல் வந்த அனுபவம் இருந்தால், பெட்டி வைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

தானாக வருமா? வரலாம். கூட்டம் பிரியும் காலத்தில், பழைய மெழுகு மணம் உள்ள காலிப் பெட்டியில் வந்து குடியேறுவது உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் வருஷம் ஓடிவிடும். மார்த்தாண்டம் உங்களுக்குப் பக்கம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமச் சீரமைப்பு மையம் தேனீ வளர்ப்பைக் கற்றுத்தந்த காலத்திலிருந்து அங்கே இது வீட்டுத் தொழில். கூட்டம் விற்பவர்களும், பெட்டி சரிபார்த்துத் தரும் ஆசாரிமாரும் அங்கேயே கிடைப்பார்கள். நான்கு அடை கொண்ட ஒரு கூட்டத்தை, ராணியைக் கண்ணால் பார்த்து, புழுக்கள் முத்துப்போல் வெள்ளையாக இருக்கின்றனவா என்று கவனித்து வாங்குங்கள். 1991-92-இல் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீயைக் கூட்டம் கூட்டமாக அழித்த தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் இன்னும் போய்விடவில்லை. புழு நீர் கோத்த பைபோலத் தொங்கினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். யாரோ வைத்திருந்த பழைய சட்டங்களையும் அதே காரணத்தால் வாங்காதீர்கள்.

வாங்க நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. அப்போது கூட்டம் பெருகத் தொடங்கினால், தை முதல் பங்குனி வரை ரப்பர் துளிர்விடும்போது தேன் அறைக்கு ஆள் தயாராக இருக்கும். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல, இளம் இலைக்காம்பில். உங்கள் தோட்டத்தில் ரப்பர் இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்தாலே போதும். அதுவரை தேன் அறையைப் பெட்டியின்மேல் ஏற்ற வேண்டாம். அடியறை நிரம்பாமல் மாடி எதற்கு?

கூட்டத்தைச் சாயங்காலம் கொண்டுவந்து மாற்றுங்கள். அடையாக வெட்டி எடுத்துவந்தால் சட்டத்தில் வைத்து வாழை நாரால் கட்டினால் போதும். சில நாளில் தேனீ அடையை மேல்கட்டையோடு ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியே தள்ளிவிடும். வாசலில் ராணித் தடுப்பைச் செருகுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை ஒரு கிண்ணத்தில், மூழ்காமல் நின்று குடிக்கச் சில குச்சிகள் போட்டு, உள்ளே வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்புக்கு அழைப்பிதழ்.

மூன்று நாள் பெட்டியைத் திறக்க வேண்டாம். நாலாவது நாள் காலை எட்டு மணிவாக்கில் பெட்டிக்குப் பக்கவாட்டில், வாசலை மறைக்காமல் உட்கார்ந்து பாருங்கள். திரும்பி வரும் தேனீயின் பின்னங்காலில் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ மகரந்த உருண்டை தெரிந்தால் உள்ளே புழுக்களுக்குச் சாப்பாடு போகிறது, கூட்டம் தங்கிவிட்டது. ராணித் தடுப்பை அன்றைக்கே எடுத்துவிடலாம். ஆண் தேனீக்களால் அதற்குள் நுழைய முடியாது, பாவம், வழி கிடைக்காமல் முட்டிக்கொண்டிருக்கும்.