மெக்கானிக்கல் படிக்கும் மகளுக்கு மின்வாகனத் துறையில் இடம் உண்டா?

வணக்கம் அம்மா. பெட்ரோல் இன்ஜினே ஒழியப் போகிறது, இரண்டாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கும் பொண்ணு அப்புறம் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். இன்ஜின் போனாலும் சூடு போகாது. அந்தச் சூட்டைச் சமாளிப்பது மெக்கானிக்கல்காரர்களின் வேலைதான்; சொல்லப்போனால், மின்காரில் அது இன்னும் சிக்கலாகியிருக்கிறது.

பெட்ரோல் காரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும். வேலூர் வெயில் 42 டிகிரி அடித்தாலும், அந்தக் காற்றே அதைக் குளிர வைத்துவிடும். லித்தியம் அயான் பேட்டரிக்கு அது நடக்காது. 35 டிகிரிக்குமேல் நெடுநேரம் கிடந்தால் அதன் ஆயுள் குறையும். வெளிக்காற்றே 42 என்றால் வெறும் ரேடியேட்டர் என்ன செய்யும்? அதனால்தான் காரின் ஏசி கம்ப்ரசரையே பேட்டரிக்கும் வேலை வாங்குகிறார்கள். சில்லர் என்ற சின்னக் கருவிக்குள் ஒரு பக்கம் ஏசி வாயு, மறுபக்கம் பேட்டரியைச் சுற்றி வரும் கூலன்ட். ஃபாஸ்ட் சார்ஜரில் நிற்கும் கார், உள்ளே ஆளே இல்லாமல் இரைவதைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இந்த வேலைதான். வேகமாகச் சார்ஜ் ஏற்ற மின்னோட்டம் அதிகம் பாய வேண்டும்; அது இரண்டு மடங்கானால், பேட்டரிக்குள் இருக்கும் செல்களின் மின்தடையால் உண்டாகும் சூடு நான்கு மடங்கு.

அந்தக் கம்ப்ரசரும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. அது தின்னும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம் போய்விடும். சரி, குளிரூட்டலில் சிக்கனம் பிடிக்கலாமே என்றால் அதற்கும் விலை உண்டு. நிசானின் முதல் லீஃப் மின்காரில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் பேட்டரித் திறன் சீக்கிரம் குறைகிறது என்று உரிமையாளர்கள் புகார் கிளப்பினார்கள். டெஸ்லா 2020இல் மாடல் ஒய் காரில் எட்டு வழி வால்வு ஒன்றைக் கொண்டுவந்து, ஓரிடத்துச் சூட்டை இன்னோர் இடத்துக்குத் திருப்பிவிட வழிசெய்தது. குழாய், பம்ப், வால்வு, எதை எப்போது திறப்பது என்ற கணக்கு: வேலை இதில்தான் இருக்கிறது.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று மாத 'இவி' (மின்வாகன) சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். அடிப்படை இல்லாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. வெப்பப் பரிமாற்றம், குளிர்பதனம் இரண்டையும் பரீட்சைக்கு மட்டும் என்றில்லாமல் ஊன்றிப் படிக்கட்டும். கூடவே கணக்கீட்டுக்கும் வடிவமைப்பைச் சோதிக்கவும் உதவும் மேட்லேப், ஆன்சிஸ் மென்பொருள்களைப் பழகட்டும். கல்லூரியில் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் கார் வடிவமைப்புப் போட்டிக்கு மின்கார் கட்டும் குழு இருந்தால், பேட்டரிப் பெட்டி வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள்.

வேலைக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் கம்பெனிகளும் உதிரிபாகக் கம்பெனிகளும் நிறைய. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்ஸ்கூட்டர்கள். ஆனால் பெரும்பாலான ஸ்கூட்டர் பேட்டரிகள் அலுமினியக் கூட்டின் வழியாகவே சூட்டை வெளியேற்றுகின்றன, சில்லரெல்லாம் அங்கே கிடையாது. தொடக்கச் சம்பளம் ஐடி வேலைக்குப் போகும் தோழிகளைவிடக் குறைவாக இருக்கலாம். அதை இப்போதே பேசிவிடுங்கள்.

இன்று இரவு அவளிடம், வெயிலில் நின்ற காரில் ஏறியதும் முதலில் ஆளைக் குளிர வைப்பாயா, பேட்டரியையா என்று கேட்டுப் பாருங்கள். பேப்பர் எடுத்துப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தாள் என்றால் வேறு பாடப்பிரிவுக்கு மாற்றும் பேச்சை விட்டுவிடலாம். முகம் சுளித்தாள் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் வாருங்கள், வேறு வழிகளைப் பார்ப்போம்.