சொல்லவே இல்லை, சொன்னேன் என்கிறான்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 68. ஊர் சோமனூர் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் சொந்தத் தறிக்கூடம் வைத்து, கூலிக்குக் காடாத் துணி ஓட்டிப் பிழைத்தவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். என்னை ஓரங்கட்டிவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாசம் பாதித் தறிகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரி வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். கூலி கட்டுபடியாகவில்லை, கரண்ட் பில் ஏறிவிட்டது, எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஒவ்வொரு தறியும் நான் கடன் வாங்கி இறக்கியது. ஏன்டா என்று கேட்டால், "ராத்திரி சாப்பிடும்போது சொன்னனுங்களே, நீங்களும் சரின்னு தலையாட்டுனீங்க" என்று கூசாமல் புளுகுகிறான்.

மருமகளும் அப்படித்தான். அடுப்படியில் நின்று வாய்க்குள்ளேயே பேசுவாள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரனை அனுப்புவாள். நான் கட்டின வீட்டில் எனக்கு இந்த மரியாதை. விடியற்காலம் மூணு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். தறி போனால் போகட்டும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா?

ஒறம்பரை வீட்டு விசேஷங்களுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். மண்டபத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். எங்கய்யனும் கடைசிக் காலத்தில் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்; பெத்த பிள்ளை, என்னையே யாரென்று கேட்டார். அது கிடக்கட்டும். மகனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆலோசகர் பதில்:

ஐயா, வணக்கம்.

"அது கிடக்கட்டும்" என்று நீங்கள் ஒதுக்கியதில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். அய்யனுக்கு வந்த மறதி நமக்கும் வருகிறதோ என்ற பயத்தோடு மூணு மணிக்குத் தனியாகப் படுத்திருக்கிறீர்கள். இதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் கோர்வையாக இருக்கிறது. போன மாசம் நடந்தது, அதற்குக் காரணம், அவரவர் சொன்ன வார்த்தை எல்லாம் நினைவில் இருக்கிறது. கடிதத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது மறதி அல்ல, காது.

வயதாகும்போது காது மொத்தமாக மந்தமாவதில்லை. மெல்லிய, கீச்சான ஒலிகள் முதலில் போகும். ச, ஸ, ஃப் போன்ற எழுத்துகள் நழுவும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் தெளியாது. சத்தம் கேட்கும், சொல் புரியாது. அதனால்தான் எதிரில் இருப்பவர் வாய்க்குள் பேசுவதாகத் தோன்றும். மருமகள் மேல் நீங்கள் சொல்லும் குறை அதுதான். கூட்டத்திலும் எதிரொலிக்கிற மண்டபத்திலும் இன்னும் மோசம். 60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாடப் பேச்சையே பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அதோடு தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர். 85 டெசிபலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் என்றால் காதுக்குக் கேடு. நாடா அடிக்கிற கூடம் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மண்டபத்தில் புரியாமல் தலையாட்டுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில், டிவி ஓடிக்கொண்டிருக்க, தட்டைப் பார்த்துக்கொண்டே மகன் தறியைப் பற்றிச் சொன்னபோதும் தலையாட்டியிருப்பீர்கள். அவர் புளுகினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா சம்மதித்துவிட்டார் என்று நம்பித்தான் லாரியை வரச் சொல்லியிருப்பார். இவ்வளவு பெரிய விஷயத்தை உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும், அந்தத் தப்பு அவர் மேல் இருக்கிறது. ஆனால் உங்களுக்குக் கேட்கவில்லை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நீங்கள்.

மறதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேர் சட்டென்று வராமல் சாயங்காலம் ஞாபகம் வந்தால் அது வயது. பழகின சோமனூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து வீட்டுக்கு வழி தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். சீக்கிரம் விழிப்பதும் இந்த வயதில் சகஜம். கவலை அதைக் கூட்டியிருக்கும். இன்னொன்று, கேட்கும் குறையைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும், அது சரிசெய்யக்கூடிய காரணம் என்று லான்செட் மருத்துவ இதழின் 2024 அறிக்கையும் சொல்கிறது. கேட்கவில்லை என்று விசேஷங்களை விட்டு ஒதுங்குவதுதான் உங்களுக்கு ஆகாதது. அய்யன் நினைவு வருகிறது என்றால், அதற்காகவே காதைப் பார்த்தாக வேண்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். சில சமயம் அடைத்திருக்கும் குரும்பியை எடுத்தாலே பாதி தெளியும். இல்லையென்றால் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க ஆடியோகிராம் எடுப்பார்கள். மெஷின் வைக்கச் சொன்னால், இரைச்சலாக இருக்கிறதென்று முதல் வாரத்திலேயே கழற்றி மேசையில் வைத்துவிடாதீர்கள். மூளை பழகச் சில மாதம் ஆகும். பேரனிடம், "அப்பாருகிட்ட முகத்தைப் பார்த்துப் பேசு கண்ணு" என்று சொல்லுங்கள். கூடத்தில் தறி ஓடும்போது வாயசைவையும் கையையும் பார்த்தே ஆளுக்கு ஆள் பேசியிருப்பீர்களே, அந்தப் பழக்கம் இப்போது கைகொடுக்கும்.

உடைந்துபோன தறிக்கு என்னிடம் ஆறுதல் இல்லை ஐயா. அது உங்கள் உழைப்பு, வருத்தப்படத்தான் செய்வீர்கள். அந்த வருத்தத்தை மகன் மேல் கோபமாக மாற்றாமல், வருத்தமாகவே அவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். டிவியை அணைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து, அன்று ராத்திரி என்ன சொன்னாய், எனக்குக் காதில் விழவில்லை என்று கேளுங்கள். மிச்சம் பாதித் தறிகள் இன்னும் ஓடுகின்றனவே. அவற்றை என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.