நான்கு மீட்டர் கல்லை உலகிலேயே கடினமானது என்று யார் அளந்தார்கள்?

கேள்வி இது: "பின்லாந்தில் உள்ள 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற பாறை போல்டரிங்கின் உச்சம் என்கிறார்கள். காணொளியில் பார்த்தால் இரண்டு ஆள் உயரம்தான் இருக்கிறது. இதில் அப்படி என்ன கடினம்? அதை யார் அளந்தார்கள்?"

நான் புதுச்சேரிக்காரன். எங்கள் ஊரில் செம்மண்ணும் கடற்கரை மணலும்தான் உண்டு. ஏறுவதற்குப் பாறை கிடையாது. ஆகையால் மார்கழி, தை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டோடு கிளம்பி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஞ்சிக்குப் போய், கோட்டை எல்லைக்கு வெளியே கிடக்கும் கருங்கல் உருண்டைகளில் ஏறிப் பழகுகிறேன். கயிறு கிடையாது, விழுந்தால் தாங்குவதற்குக் கீழே தடித்த மெத்தை ஒன்று இருக்கும். அவ்வளவுதான் போல்டரிங்.

முதலில் அந்தப் பாறை. பின்லாந்தின் தென்கரையில் லோவீசா நகருக்கு அருகே லாப்நோர் என்னும் இடத்தில் இருக்கிறது. அதன் முகம் ஏறக்குறைய 45 பாகை நம் பக்கமாகக் கவிழ்ந்திருப்பதால், ஏறுபவரின் முதுகு தரையைப் பார்த்தபடியே தொங்கும். பிடிகள் விரல் நுனி மட்டும் பதியும் விளிம்புகள். வயிற்றுத் தசை ஒரு கணம் தளர்ந்தாலும் கால் பாறையை விட்டு விலகிவிடும், கால் போனால் கையும் போய்விடும். உயரம் இங்கே ஒரு பொருட்டே அல்ல. இதற்கு மேல் தோலும் வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். குளிர்ந்த உலர்ந்த காற்றில்தான் விரல் பாறையைப் பற்றும். எங்கள் ஊர் ஐப்பசிப் புழுக்கத்தில் கையில் பூசும் வெள்ளைத் தூள் பத்து நிமிடத்தில் தோசை மாவாகிவிடுகிறது.

இதை முதலில் ஏறி முடித்தவர் பின்லாந்துக்காரரான நாலே ஹுக்காதைவல். ஆண்டுக்கணக்கில் அந்த ஒரே கல்லோடு மல்லுக்கட்டி, ஆயிரக்கணக்கான முறை விழுந்த பிறகு, 2016 அக்டோபரில் உச்சியைத் தொட்டார். உலகின் முதல் 9ஏ என்று முன்மொழிந்தார். அமெரிக்க அளவையில் அது வி17. 9ஏ என்பது பாரிசுக்குத் தெற்கே உள்ள ஃபோன்தேன்புளோ காட்டின் மணற்கல் பாறைகளில் உருவான அளவுமுறையைச் சேர்ந்தது. எண் கூடக் கூடக் கடினமும் கூடும், ஒவ்வோர் எண்ணுக்குள்ளும் ஏ, பி, சி என்று படி ஏறும், '+' என்றால் இன்னும் சற்றுக் கடினம். (புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு பாரிஸ் உறவினர் இருப்பார், என் சித்தப்பா அந்தக் காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.)

'முன்மொழிந்தார்' என்ற சொல்லில்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இருக்கிறது. கடினத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. முதலில் ஏறியவர் தமக்குப் பட்டதைச் சொல்வார். அடுத்து ஏறுபவர் அதை ஒப்புவார் அல்லது குறைப்பார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். செஞ்சியில் ஒரு மூன்று மீட்டர் கல்லுக்கு இரண்டு குளிர்காலம் செலவிட்டேன். 1750-இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையையே ஓர் இரவில் பிடித்தது என்பதை நண்பர்கள் அவ்வப்போது நினைவூட்டினார்கள். ஒருவழியாக ஏறி, 7ஏ என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் கடலூர் துறைமுகத்தில் வலை இழுத்து வளர்ந்த நண்பர் ஒருவர் வந்தார். கல்லைச் சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு, முழங்கால் உயரத்தில் துருத்திக்கொண்டிருந்த, மிளகளவு வெள்ளைப் படிகம் ஒன்றில் இடது கால் பெருவிரலை வைத்தார். மூன்றாம் முயற்சியில் மேலே உட்கார்ந்திருந்தார். "இதுக்கா மச்சான் ரெண்டு வருஷம்? 6பி தேறினா அதிகம்" என்றார். அந்தப் படிகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பெரிய இடத்திலும் இதுவே நடக்கும். வெறுங்காலோடு ஏறும் பிரெஞ்சுக்காரர் சார்ல் அல்பேர், 2019-இல் ஃபோன்தேன்புளோவில் 'நோ க்போட் ஒன்லி' என்ற ஏற்றத்தை 9ஏ என்றார். பின்னர் ஜப்பானின் ரியோஹெய் கமேயாமா ஏறிவிட்டு 8சி+ என்று குறைத்தார். மாறாக, சுவிட்சர்லாந்தின் கிரோனிக்கோவில் உள்ள 'அல்ஃபேன்' 2022-இல் ஷான் ரபுத்து ஏறியது. அதே ஆண்டில் ஏய்டன் ராபர்ட்ஸும் வில் போசியும் ஏறினார்கள், 9ஏ நின்றது.

லாப்நோர் கல்லுக்கோ ஆறரை ஆண்டுகள் இரண்டாம் ஆள் வாய்க்கவில்லை. பலர் வந்து தோற்றுத் திரும்பினார்கள் என்பது சான்றுதான், ஆனால் அரைச் சான்று. தோற்றவர் எவ்வளவு கடினம் என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் வில் போசி வேறு வழியில் வந்தார். அந்தப் பிடிகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வார்த்த நகலைச் சாய்பலகையில் பொருத்தி இங்கிலாந்திலேயே பழகிவிட்டு, பின்லாந்துக்குப் போய்ச் சில வாரங்களில் 2023 ஏப்ரலில் ஏறினார். நகலில் பழகியதைக் குறுக்குவழி என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரலுக்குப் பழக்கமான பிடியும் விரலைக் கிழிக்கத்தான் செய்யும். அவர் 9ஏ என்பதை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு இறுதியில் பெல்ஜியத்தின் சிமோன் லொரென்சி மூன்றாவதாக ஏறினார். அவரும் குறைக்கவில்லை.

செஞ்சிக் கல் இப்போது எங்கள் கணக்கில் 6பி. இந்தத் தையில் அந்த வெள்ளைப் படிகத்தில் கால் வைத்து ஏறிப் பார்த்தேன், 6பி-தான்.