பாட்டன் எங்கே பிறந்தான்?

வாசகர் கடிதம்

அன்பின் அக்காவுக்கு,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2028இல் இலங்கையின் 80ஆவது சுதந்திர தினம் வருகிறது. அதையொட்டித் தோட்டத்து வரலாறு பற்றி ஒரு கண்காட்சியும் கூட்டமும் வைக்க வேண்டுமென்று எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள் இப்போதே தொடங்கிவிட்டார்கள். பொறுப்பு என் தலையில். கோயிலடியில் திட்டத்தை வாசித்த அன்றே ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. கொடியேற்றி, ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதில் தொடங்கி இன்றுவரை பத்துப் பதாகை வைப்போம் என்கிறார்கள் ஒரு பக்கம். "பிரஜாவுரிமையைப் பறித்த நாளில் நமக்கென்ன கொண்டாட்டம், கறுப்புக்கொடி கட்டுங்கள்" என்கிறார்கள் மறுபக்கம். என் அப்பாவே இந்த இரண்டாவது கட்சிதான். முதியவர்களிடம் கதை கேட்கப் போனால், "எனக்கு என்னம்மா தெரியும், படிச்சவங்களப் போய்க் கேளு" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி

பதில்

அன்பின் தங்கச்சி,

உங்கள் அப்பாவின் கோபம் நியாயமானது. ஆனால் தேதியில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, அந்தத் திருத்தத்துக்குள்ளேதான் உங்கள் நிகழ்ச்சியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நம்மிடமிருந்து பிரஜாவுரிமை போனது பெப்ரவரி 4ஆம் தேதி அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்கும் அதற்கும் இடையில் 285 நாள். பெப்ரவரி 4 அன்று நம் ஆட்கள் வாக்குள்ளவர்களாகத்தான், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். முந்தைய வருஷம் அவர்கள் போட்ட வாக்கில்தான் தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையும் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் நாடாளுமன்றத்துக்குப் போயிருந்தார்கள். வாக்கை எடுத்தது 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம்.

ஆகவே கண்காட்சியைப் பெப்ரவரி 4 அன்று திறந்து நவம்பர் 15 அன்று மூடுங்கள். இரண்டு கட்சியையும் சமாளிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு காலைப்பொழுதில் பத்துப் பதாகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற வரலாறு இல்லை நம்முடையது. அந்த ஒன்பது மாதமும் ஊரே சேர்ந்து தேடட்டும், வாரம் ஒரு லயமாக, ஒரு வரிசை வீட்டுக் கதையாகச் சுவர் நிரம்பட்டும்.

எதைத் தேடுவது? இதற்கு அந்தச் சட்டத்தையே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது நம்மிடம் என்ன கேட்டது என்று பிள்ளைகளுக்கு ஒருமுறை நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். 1948 நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்த ஒருவர் பரம்பரையால் பிரஜையாக வேண்டுமென்றால், அவருடைய அப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இலங்கை மண்ணில் பிறந்து, இந்த மலையை விட்டு ஒரு நாளும் இறங்காதவரிடம்கூட இந்தக் கேள்வி வந்தது. லயக்காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்து, கணக்கப்பிள்ளை எழுதினால்தான் பதிவு என்றிருந்த சனம் பாட்டன் பிறந்ததற்கு எந்தக் கடதாசியைக் காட்டும்? குடும்ப வரலாற்றைச் சொல், சொல்ல முடியாவிட்டால் நீ இந்த நாட்டவன் இல்லை என்றது அந்தச் சட்டம். அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை தங்கச்சி. இனி எந்த அதிகாரிக்கும் சொல்ல வேண்டியதில்லை, நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் நிகழ்ச்சிக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

என் வீட்டுக் கதை ஒன்று. அப்பாயியின் தகரப்பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. நாலாக மடித்து மடித்து மடிப்பு விட்டுப்போய், பின்பக்கம் சாமிப்படக் கலண்டர்த் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே லட்சுமியின் சிவப்புச் சேலை தெரியும். 1949இன் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ், பதிவால் பிரஜையாகக் கேட்டுத் தாத்தா போட்ட விண்ணப்பத்துக்கு வந்த மறுப்பு அது. கல்யாணமானவருக்கு ஏழு வருஷம், ஆகாதவருக்குப் பத்து வருஷம் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. விசாரணையில் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தா, சனம் வாயில் வழங்கும் தமிழ்ப் பேரைச் சொல்லியிருக்கிறார். துரைமார் வைத்த இங்கிலீஷ் பேர் அவருக்கு வாயில் வராது. அப்படி ஒரு தோட்டமே கிடையாது என்று எழுதி முடித்துவிட்டார் அந்த அதிகாரி. மேலே பத்து மைல் தூரத்தில் அந்தத் தோட்டம் அன்றைக்கும் கொழுந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. தாத்தா 1979இல் நாடற்றவராகவே செத்துப்போனார். நம் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் சித்தப்பா குடும்பம் கூடலூருக்குப் போனது. என் அப்பா பிரஜையானது, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988இன் 39ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, அவருடைய ஐம்பதாவது வயதில்.

அந்த 1949 சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்களின் மறுப்புக் கடிதங்கள் எல்லாம் எங்கே போயிருக்கும்? பாதி கறையான் தின்றிருக்கும். மீதி உங்கள் தோட்டத்துப் பெட்டிகளிலும் சாமிப்படங்களுக்குப் பின்னாலும் இருக்கிறது. அதைத் தேடச் சொல்லுங்கள். துண்டுச்சீட்டு, பற்றுச்சீட்டு, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டின் கிழிசல், அக்கரைக்கு, அதாவது இந்தியாவுக்கு, போன சொந்தம் போட்ட தபால், எதுவானாலும் சரி. ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். மூலப் பிரதியை வாங்கிவரக் கூடாது. வீட்டுக்காரர் முன்னால், அவர் வாசற்படியிலேயே வைத்துப் படம் எடுத்து, பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துத்தான் சுவரில் ஒட்ட வேண்டும். முன்பொருமுறை ஒரு நிகழ்ச்சிக்கு என்று என் பெரியம்மாவிடம் வாங்கிப்போன இரண்டு படங்கள் இன்றுவரை திரும்பவில்லை. அதில் ஒன்று அவர் அம்மா உயிரோடிருந்தபோது எடுத்த ஒரே படம். அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் பெரியம்மா அழுவார்.

"எனக்கு என்ன தெரியும்" என்று முதியவர்கள் சொல்வது பொய்யடக்கம் இல்லை. வரலாறு என்றால் துரையும் மந்திரியும் செய்தது என்றுதான் நாம் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். "ஒங்க காலத்துப் பிள்ளைக்காம்பரா எங்க இருந்துச்சு பாட்டி?" என்று கேளுங்கள். மழை நாளில் கொழுந்துக்கூடைக்குள் எதை மறைத்துக் கொண்டுபோவீர்கள், 73, 74 பஞ்சத்தில் எதை அவித்துத் தின்றீர்கள், தோட்டை எதற்காக அடகு வைத்தீர்கள் என்று கேளுங்கள். அக்கரைக்குப் போனவர்களை வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போனீர்களா என்று மட்டும் கடைசியில் கேளுங்கள், அவசரப்படாமல். கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிற கோச்சி கிளம்பும்போது எழுந்த ஒப்பாரியை நான் ஏழெட்டு வயதில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு வேறு எதுவும் பேச முடியாது. தொலைபேசியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

அந்தச் சட்டம் அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண் வழியை மட்டும்தான் கேட்டது. நீங்கள் அம்மா, அம்மாயி, அவர் அம்மா என்றும் கேளுங்கள். கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அவர்கள்தானே. இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே உங்கள் சுவர் மற்ற எல்லாக் கண்காட்சியிலிருந்தும் வேறாகிவிடும்.

பத்துப் பதாகைத் திட்டத்தில் முதல் பதாகை ஜேம்ஸ் டெய்லர் என்றிருப்பதை மாற்றச் சொல்வேன். அவரை எடுத்துவிடச் சொல்லவில்லை. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அவர் தேயிலை போட்டதும், கண்டி மஹய்யாவையில் அவர் கல்லறை இருப்பதும் புத்தகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களின் பேர் எந்தப் பாடத்தில் இருக்கிறது? முதல் பதாகையில் உங்கள் தோட்டத்து வரைபடம் இருக்கட்டும். ஒவ்வொரு லயத்துக்கும், ஒவ்வொரு மலைக்கும், ஓடைக்கும், பாறைக்கும் இங்கிலீஷ் பேர் ஒரு நிறத்தில், வாய்ப்பேர் இன்னொரு நிறத்தில். இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்று உங்களுக்கு இப்போது விளங்கும்.

உங்கள் ஊருக்கென்றே இன்னொன்றும் இருக்கிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலை தூக்கும், சனம் பார்க்கப் போகும், படம் எடுக்கும், திரும்பி வரும். அந்தப் பழைய டவுனில் சாமான் வாங்கிய, தேர் பார்த்த ஆட்கள் இன்னும் சிலர் உங்கள் தோட்டத்தில் இருப்பார்கள். அவர்களில் நடக்க முடிந்தவர்களைத் தண்ணீர் இறங்கும் காலத்தில் கரைக்குக் கூட்டிப்போய், எந்தக் கடை எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் 2028 வரை காத்திருக்க வேண்டாம், அவர்களுக்கு வயது போகிறது.

2023இல், நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நடந்தார்களே, அதன் கடைசி நாளில் நானும் மாத்தளையில் நின்றேன். அவ்வளவு சனத்தை ஒன்றாகப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் வீடு திரும்பியதும், எங்கள் ஆட்கள் எந்தத் துறையில் இறங்கி எந்த வழியாக நடந்தார்கள் என்று என் மகன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பாயியும் அப்போது இல்லை.

சேர்த்ததையெல்லாம் நவம்பருக்குப் பிறகு ஒரு அலுமாரியில் பூட்டிவிடாதீர்கள். எடுத்த படங்களின், ஒலிப்பதிவுகளின் பிரதியை, தமிழ் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்து வையுங்கள், வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு. பிள்ளைகளை ஒருநாள் கம்பளைப் பக்கம் பீக்கொக் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால், லயத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பதைக் காட்டலாம். நம் அம்மிக்கும் கூடைக்கும் மட்டக்கம்புக்கும் அங்கே இருக்கிற மரியாதையை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

கொடி ஏற்றுவதா, கறுப்புக்கொடியா என்பதை ஊர் பேசித் தீர்க்கட்டும். எது முடிவானாலும் உங்கள் அப்பாவை முதல் ஆளாக உட்காரவைத்து, அவர் அப்பனும் அம்மாவும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

நவம்பர் 15க்கு நான் வருகிறேன். தாத்தாவின் கடிதத்தைப் படம் எடுத்துக் கொண்டுவருவேன். அதைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் அந்த அதிகாரி இல்லையென்று சொன்ன தோட்டத்தின் பேரை என் கையால் எழுத வேண்டும். ஒரு முழம் இடம் விட்டு வையுங்கள்.

அன்புடன்,
அக்கா