மான் கறி ஏன் இறுகிவிடுகிறது?

மொரிசியசில் வேட்டைக் காலத்தில் கிடைக்கும் மான் கறி எவ்வளவு கொதித்தாலும் காய்ந்து இறுகிவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கொழுப்பு இல்லாததுதான் முதல் காரணம். 1639ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட இந்த மானின் சதைக்குள் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் ஆட்டுக்கறிக் கணக்கு இதற்குச் சரிவராது. தொடை, தோள் என்றால் மேலே வெள்ளி மாதிரி பளபளக்கும் சவ்வைக் கத்தி நுனியால் உரித்து, எண்ணெயைக் கொஞ்சம் கூடவே விட்டு, மசாலாவோடு மூடிபோட்டுச் சிறுதீயில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள், தளதளவென்று கொதிக்கவே கூடாது. முதுகுச் சதையைச் சட்டென்று வாட்டி எடுத்துவிடலாம். அப்புறம், குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்; ஈயக் குண்டாக இருந்தால் அதன் துகள் கண்ணுக்கே தெரியாது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ரொம்ப ஆபத்து.